அந்தக் கப்பலின் அடிக்கட்டை

ஒட்டுசுட்டான் சந்தியைத் தாண்டிக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு உரப்பை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சட்டை, ஒரு டோர்ச். நான் காவல் காத்த வயலை யானை தின்றுவிட்டிருந்தது. போகிற போக்கில் என் காவல் கொட்டிலையும் பிரித்துப் போட்டிருந்தது. வயல்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. "யானையோடை நீ என்னத்தைக் கதைக்கிறது" என்று சொல்லிச் சோறு போட்டார். ஆனால் காக்க ஒன்றும் மிச்சமில்லாத வயலில் காவற்காரனுக்கு வேலை இல்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வெளிக்கிட்டேன்.

இப்படி வெளிக்கிடுவது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. இரண்டும் ஒரே பக்கமாகப் போகவில்லை. அதற்குப் பிறகு கண்டாவளையில் நெல்லுச் சூடு மிதித்தேன், ஜெயபுரத்தில் கிணறு வெட்டினேன், திருகோணமலையில் மேசன்மாருக்குக் கல் சுமந்தேன். நடுவில் கொஞ்சக் காலம் பழைய இரும்பு வாங்குகிற லொறியில் ஊர் ஊராகத் திரிந்தேன்.

பின்னால் ஒரு உழவு இயந்திரம் வந்து வேகம் குறைத்தது. ஓட்டி வந்தவர் நெற்றியில் திருநீறு பூசிய ஒரு கமக்காரர்.

"எங்கை போறீர்?"

"கடல் பக்கம், அண்ணை."

"கடல் பக்கம் ஆரிட்டை?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. ரோட்டு அங்கை தானே முடியுது."

அவர் சிரித்தார். "அப்ப ஏறும். நானும் அங்கை தான். கப்பல் இழுக்கப் போறன்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பின்னால் இருந்த பெட்டிக்குள் ஏறிப் பார்த்தால் பாம்பு சுருண்டதுபோல ஒரு பெரிய சங்கிலி கிடந்தது. காடு வெட்டிய காணியில் மரக்குற்றி இழுக்கிற சங்கிலி.

"முழுக் கப்பலோ, அண்ணை?"

"முழுக் கப்பலை எல்லாரும் முதலே திண்டு முடிச்சிட்டாங்கள். அடிக்கட்டை தான் மிச்சம். கடலுக்கை, அலை உடையிற இடத்திலை கிடக்குது."

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரையில் கிடந்தது எது என்று எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் அதை உயிரோடு பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறம், முன்னால் ஒரு பீரங்கி. எங்கேயோ தூர நாட்டில், வேறு ஆருடையோ சண்டைக்காகக் கட்டிய கப்பல் என்றும், கிழடான பிறகுதான் இந்தத் தீவின் கடற்படைக்கு வந்தது என்றும் பெரியவர்கள் கதைப்பார்கள். கிழடு என்றாலும் அதற்குக் குரல் இருந்தது. அது கடலில் நின்றால் ஒரு வள்ளமும் இறங்காது. அது சுட்டால் நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். கரை ஊர்ச் சனம் அதன் என்ஜின் சத்தத்தை வைத்தே அன்றைக்கு உலை வைக்கலாமா இல்லையா என்று சொல்லிவிடும். பிறகு ஒருநாள் சண்டையில் அடிபட்டு எரிந்தது. நீரோட்டம் அதைக் கரைப் பக்கமாக இழுத்துவந்து மணலில் ஏற்றிவிட்டது.

அதன் சோடிக் கப்பலைப் பற்றித் திருகோணமலையில் கேள்விப்பட்டேன். அது சேவை முடித்து, ஊதுகுழல் ஊதி, கொடி இறக்கி, ஆழக் கடலில் மரியாதையாக மூழ்கடிக்கப்பட்டதாம். இப்போது அதற்குள் மீன் குடியிருக்கிறதாம். எங்கள் கரைக்கு வந்ததற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரும்புக்குத் தட்டுப்பாடான காலத்தில் சனம் அரிவாளை வைத்தாவது அதைக் கிள்ளியது. சண்டை முடிந்த பிறகு லொறிகள் வந்து வெட்டி ஏற்றின. அதன் துண்டுகளை வன்னி முழுக்கக் கண்டிருக்கிறேன். கண்டாவளையில் ஒரு வாய்க்காலுக்கு மேலே அதன் தளத்தகடு பாலமாகக் கிடக்கிறது, சைக்கிள் போனால் மணிபோலச் சத்தம் போடும். ஜெயபுரத்தில் ஒரு வீட்டு நெல் அறைக்கு அதன் கதவுதான் கதவு. எலி கூடப் புகமுடியாது என்று அந்த வீட்டுக்காரிக்குப் பெருமையும் புளுகமும்.

முல்லைத்தீவுக் கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மணலில் ஒரு திருவிழாக் கூட்டம். நடுவில் ஒரு அம்மா நின்றார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கழுத்தில் சிலுவை, தலையில் துவாய், சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருந்தார். அந்தக் கரைவலைப் பாடு, அதாவது அந்தத் துண்டுக் கரையில் வலை வளைக்கிற உரிமை, அவருடைய புருசன் காலத்திலிருந்து அவர்களுடையது. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். உரிமை மட்டும் இருந்தது, வலை வளைக்க முடியவில்லை. வளைத்த நேரமெல்லாம் மணலுக்குள் கிடந்த இரும்பு வலையின் மடியை, மீன் சேருகிற பையை, கிழித்துவிட்டது. இந்தப் பருவமும் சும்மா கிடந்தால் பாட்டை வேறு ஆளுக்குக் கொடுப்பதாக மீனவர் சங்கம் முடிவு செய்திருந்தது.

இந்த வருசம் வாடைக் கடல் கரையை நன்றாக அரித்து, இரும்பின் முதுகை வெளியே காட்டிவிட்டது. வெடிக்கிற சாமான் எதுவும் இல்லை என்று வந்து பார்த்தவர்களும் சொல்லிவிட்டார்கள். இழுக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. இன்னும் சில நாளில் மணல் திரும்பவும் ஏறி மூடிவிடும். இழுத்தால் இப்போதுதான்.

ஆட்களுக்குக் குறைவில்லை. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலைக் கயிற்றில் கை வைத்து இழுத்தவன் எவனாக இருந்தாலும் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அந்த அம்மா அதையே இரும்புக்கும் சொல்லிவிட்டார். இழுத்தவர்கள் எல்லோருக்கும் முதல் வலையில் பங்கு. ஆகவே பக்கத்துப் பாடுகளின் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் வந்திருந்தார்கள், கடைக்காரரும் வந்திருந்தார்கள், கோயிலில் மணி அடிக்கிறவரும் வந்திருந்தார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இது ஆர்?" என்றார்.

"வழியிலை பொறுக்கி எடுத்தனான்" என்றார், வழியில் என் கதையைக் கேட்டிருந்த கமக்காரர். "ஆனை விரட்டின ஆள்."

"அப்ப இதையும் விரட்டட்டும். கயித்தைப் பிடியும், தம்பி."

பழைய வலைக் கயிறுகளைத் திரித்துக் கட்டியிருந்தார்கள். இரும்பின் கரைப் பக்க விளிம்பில் இரண்டு முனை, இரண்டு வரிசை ஆள். உழவு இயந்திரம் நடுவில். பின்பக்கமாக நடந்து இழுக்கத் தொடங்கினோம். கயிறு விறைத்தது. பிறகு ஒரு அசைவு. அடியில் எதுவோ முனகியது எல்லோருக்கும் கேட்டது.

அவ்வளவுதான், சனம் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அது அவர்களுடைய உடம்பில் ஊறிய பழக்கம். வலை இழுக்கும்போது மடி கிட்ட வந்தால் வேகத்தைக் கூட்டுவார்கள், மீன் தப்பாமல் இருக்க. பிறந்ததிலிருந்து செய்த வேலை. கை கயிற்றின் பாரத்தை உணர்ந்ததும் கால் தானாக ஓடியது. இரும்பு மீன் இல்லை. அது தப்பி ஓடப் போவதில்லை. மூக்கை மணலுக்குள் குத்தி, கலப்பைபோல ஆழ உழுதுகொண்டு இறங்கியது. கயிறு படீரென்று அறுந்தது. இரண்டு வரிசையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மல்லாந்து விழுந்தது. என் வயிற்றின் மேல் மணி அடிக்கிறவர் இருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மா சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தார். இரும்பு முதல் இருந்ததைவிடக் கீழே போயிருந்தது.

சங்கத்து ஆள் ஒருவர் மெல்ல, "காத்துத் திரும்பப் போகுது, அக்கா. விடுங்கோ. அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

"அடுத்த வருசம் இது என்ரை பாடு இல்லை" என்றார் அவர்.

 கமக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்டு சொல்லலாமோ?"

"உழவைப் பற்றியோ?" என்று ஒரு கிழட்டு மீனவர் கேட்டார். "அதைத் தானே இப்ப செய்து முடிச்சனாங்கள்!"

"மரக்குற்றியைப் பற்றி. நேரை இழுத்தா எந்தக் குற்றியும் வராது. அங்காலை, கடல் பக்கத்திலை சங்கிலியைப் போட்டு, மேலாலை எடுத்து இழுத்தா, பிரண்டு பிரண்டு வரும்."

"ஐயா, இது கடல். காடு இல்லை."

"கடலிலை கிடந்தாலும் குற்றி குற்றி தான், அண்ணை. உம்மடை கடலுக்கு அது தெரியாட்டில் நான் என்ன செய்ய?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. ஆர் அங்காலை போய்ச் சங்கிலி போடுறது? நீரோ?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்ததாக நான் சொல்லமாட்டேன். நான்தான் சட்டையைக் கழற்றினேன். லொறியில் திரிந்த காலத்தில் அந்தக் கப்பலின் விலாக்களைத் தூக்கி ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு விலாவிலும் கைபோகிற அளவில் வட்ட ஓட்டைகள் உண்டு. அதில் ஒன்றைக் கண்டுபிடித்தால் சங்கிலி நிற்கும். கிழட்டு மீனவரும் என்னோடு இறங்கினார். வயது போனாலும் தண்ணீருக்குள் அவர் என்னைவிட வேகம்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மணல் புகைபோல எழும்பியது. அலை வருகிற நேரம் தள்ளியது, போகிற நேரம் இழுத்தது. கையால் தடவினேன். சிப்பி, பாசி, துரு, பிறகு ஒரு வளைந்த விளிம்பு. ஓட்டை. கையை விட்டேன், உள்ளே எதுவோ துள்ளிக் கீறியது. மேலே வந்து மூச்செடுத்தேன்.

"என்ன?" என்றார் கிழவர்.

"சிங்கி இறால். குடியிருக்குது."

"எழும்பச் சொல்லும். வீடு மாறுது."

இரண்டாம் தரம் முங்கிச் சங்கிலியை ஓட்டைக்குள் செலுத்தினேன். மறுபக்கத்தில் கிழவரின் கை அதைப் பிடித்து இழுத்தது. கொழுவினோம். சங்கிலியை இரும்பின் முதுகுக்கு மேலால் கரைக்குக் கொண்டுவந்தோம். அறுந்த கயிறுகளை முடிந்து அதன் முனையில் கட்டினார்கள்.

அந்த அம்மா இப்போது வரிசைகளுக்கு முன்னால், கடலுக்கு முதுகு காட்டி நின்றார். இரண்டு கையையும் தூக்கினார். "நான் கையை இறக்கினாப் பிறகு தான் அடுத்த அடி. ஒராளும் ஓடப்படாது. ஓடுறவைக்கு மீன் இல்லை!"

"மச்சாள், கால் தானா ஓடுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப காலை வீட்டிலை விட்டிட்டு வாரும்!"

கை இறங்கியது. ஓர் அடி. திரும்ப இறங்கியது. இன்னோர் அடி. அவ்வளவு பேர் ஓடாமல் நிற்பதற்குப் பட்ட பாடு இழுப்பதற்குப் பட்ட பாட்டைவிடப் பெரிது. பற்களைக் கடித்துக்கொண்டு, ஓடத் துடிக்கிற கால்களை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். உழவு இயந்திரம் கறுப்புப் புகை விட்டது. தண்ணீருக்குள் ஒரு பெருமூச்சு. பிறகு இரும்பின் கடல் பக்க விளிம்பு மெல்ல மெல்ல மேலே வந்தது. தண்ணீர் ஒழுக ஒழுக, ஒரு வீட்டுச் சுவர்போல நிமிர்ந்து நின்றது. நின்று, யோசித்து, எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. விழுந்த வேகத்தில் எழுந்த தண்ணீர் அவரை முழுக்க நனைத்தது. கையை மட்டும் அவர் இறக்கவில்லை.

"இன்னொருக்கா!"

பிரண்டது. திரும்பவும் பிரண்டது. ஒவ்வொரு தரமும் கரைக்கு ஓர் ஆள் நீளம் கிட்ட வந்தது. கடைசிப் பிரளலில் ஈர மணலில் முழுதாக வந்து விழுந்தது. அப்போது ஓடினார்கள். தடுத்தது போதும் என்று அவரும் விட்டுவிட்டார். கயிற்றைப் போட்டுவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி ஓடி, ஏறி நின்று, தட்டி, கத்தினார்கள். கோயில் மணி அடிக்கிறவர் எங்கே என்று பார்த்தால் ஆளைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. கமக்காரரைக் கிழட்டு மீனவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

மணலுக்குள் இத்தனை காலம் கிடந்த பக்கத்தில் சாம்பல் நிற வர்ணம் அப்படியே இருந்தது. நேற்றுப் பூசியதுபோல. அந்த அம்மா ஈரச் சேலையோடு வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"உயிரோடை இருக்கேக்கையும் எங்களைக் கடலுக்கை விடேல்லை. செத்த பிறகும் விடேல்லை" என்றார். பிறகு குரல் தணிந்தது. "அதிலை வந்த பிள்ளையளும் ஆரோ பெத்ததுகள் தான். ஆத்துமாக்கள் திருநாளிலை நாங்கள் அதுகளுக்கும் மெழுகுதிரி கொளுத்துறனாங்கள்."

இரும்பின் மேல் ஏறி நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிறகு அவரே திரும்பி, "என்ன எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி? வலையை ஆர் ஏத்துறது?" என்று கேட்டார். சிரிப்பு மறுபடி கிளம்பியது.

அன்றைக்குப் பின்னேரம் முழுக்கக் கிழிந்த வலையைப் பொத்தினார்கள். நான் வாடியில், மீனவர் தங்குகிற ஓலைக் கொட்டிலில், படுத்துக்கொண்டேன். கலியாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி ஒரு நித்திரை.

விடியவே என்னைத் தட்டி எழுப்பியவர் அந்த அம்மாதான்.

"தம்பி, இண்டைக்கு எங்கை போறீர்?"

"இன்னும் யோசிக்கேல்லை, அக்கா."

"அப்ப யோசிக்காதையும். மடிக்குப் பின்னாலை நீந்தி வர எனக்கு ஒராள் வேணும். எங்கை கொழுவினாலும் முங்கி எடுத்து விடோணும். அந்த இடம் உமக்குத் தான் தெரியும்."

அதுதான் வேலை. வள்ளத்தில் போய், வலை இறங்கியதும் நானும் இறங்கினேன். கரையில் இரண்டு வரிசையும் இழுக்கத் தொடங்கியது. மடியின் மிதப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நீந்தினேன். இரும்பு கிடந்த இடம் கிட்டியபோது கரையில் இழுப்பை மெதுவாக்கினார்கள். அவ்வளவு சனமும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முங்கினேன். மடியின் அடி மணலைத் தடவிக்கொண்டு போனது. ஒரு பள்ளத்தில் இறங்கியது, ஏறியது. கொழுவவில்லை. மேலே வந்து கையைத் தூக்கினேன்.

கரை முழுக்கக் கத்தியது. இந்த முறை அவர்கள் ஓடலாம், ஓடினார்கள். மடி வெள்ளையாகத் துடித்துக்கொண்டு மணலில் ஏறியது. சூடையும் பாரையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் துள்ளின. பங்குக்குப் பாத்திரங்கள் நாலு பக்கத்தாலும் வந்தன. சங்கத்து ஆளும் ஒரு பையோடு நின்றார்.

நான் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரை ஏறினேன். அந்த அம்மா மீனைப் பார்க்கவில்லை. வலையை அங்குலம் அங்குலமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கையும் கிழிஞ்சதோ?"

"இல்லை, அக்கா."

"அப்ப ஏன் நிக்கிறீர்? வள்ளத்திலை ஏறும். ரெண்டாம் வளைப்பு கிடக்குது."

ஏறினேன்.