சோதனைக்குள் வந்த சித்தப்பா

ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை எங்கே என்று துருவுவது அவள் வேலை. அவள் எழுதி வைத்த சோதனைகள் தானாக ஓடும். பொய் நோயாளிகளைச் சேர்க்கும், முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். "அழிக்கிறதுதான் என் தொழில்" என்று வீட்டில் ஜம்பமடிப்பாள்.

அன்று காலை சோதனைகள் ஒன்றுவிடாமல் தோற்றன. ஒரு நோயாளி இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பதாகத் திரை சொன்னது. பழைய குப்பையாக இருக்கும் என்று மறுபடி ஓடவிட்டு, யார் அந்தக் கூட்டம் என்று திறந்து பார்த்தாள்.

முதல் வரியில் அவள் சித்தப்பாவின் பெயர். பிறந்த தேதி, தெரு, எல்லாம் அச்சு அசலாக. டயாலிசிஸுக்குப் போகிறவர் அவர்.

பொம்மைப் பெயர்களுக்கு நடுவே ரத்தமும் சதையுமான மனிதர் எப்படி வந்தார்? இது சோதனைத் தரவுத்தளமே இல்லை. ஆஸ்பத்திரியின் நிஜத் தரவுத்தளம்! துடைக்கும் வேலையோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானுக்கு அது அடங்கவில்லை. மேசைக்கடியில் புகுந்து இணைப்பு ஒயரைப் பிடுங்கினாள். அதுவரை எதெது அழிந்தது என்று திரையில் பட்டியல் நின்றது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து டீம் லீடரிடம் போனாள்.

"சார், நிஜ டேட்டாபேஸை அழிச்சுட்டேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எது போச்சு?"

"நோயாளிங்க விவரம் தப்பிச்சுது. யாருக்கு எப்போ நேரம் கொடுத்திருக்கோம்ங்கறது மொத்தமும் போச்சு."

அதற்குள் ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து போன். "டயாலிசிஸுக்கு வந்தவங்க வாசல்ல நிக்கறாங்க. இன்னைக்கு லிஸ்ட்ல ஒருத்தர் பேரும் இல்லையே!"

லீடர் காப்புப் பிரதியைத் தேட ஓடினார். அவள் சித்தப்பாவை போனில் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியிலதாம்மா. கம்ப்யூட்டர் படுத்துடுச்சாம். எந்த மடையன் கை வச்சானோ!"

"மூச்சு வாங்குதா சித்தப்பா?"

"அதெல்லாம் இல்ல. நர்சம்மாவுக்கு எங்க மூஞ்சிதான் தெரியுமே, உள்ள கூப்பிட்டாச்சு. நீ எதுக்கு அழறே?"

மதியத்துக்குள் விடியற்காலைப் பிரதியிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நேரம் வாங்கியவர்களை மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வரவேற்பின் போன் பதிவைப் பார்த்துக் கூப்பிட்டு, நேரத்தைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் ஒரு புகாரைப் பார்க்க, லீடர்தான் எல்லாரும் பயன்படுத்தும் அமைப்புக் கோப்பில் நிஜத் தரவுத்தளத்தின் முகவரியைப் போட்டுவிட்டு மாற்ற மறந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். அவளுக்கு அதில் நிம்மதி வரவில்லை. ஓடவிட்டது தன் விரல்தானே.

எங்கே இணைந்திருக்கிறோம் என்று பார்த்து, இடம் தப்பென்றால் ஓட மறுக்கும்படி சோதனைகளை மாற்றினாள். சோதனைக் கணக்குக்கு நிஜத் தரவுத்தளத்தில் நுழையவே அனுமதி இல்லாமல் செய்தார்கள். அப்படியும், ஒவ்வொரு முறையும் முகவரியை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் மந்திரம் ஓதுகிறாள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.