செத்த தகடு

என் லேப்டாப்பில் 'தகடு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் நானூற்றுச் சொச்சம் சத்தங்கள். கன்டெய்னர் கதவு அறைந்து சாத்தும் சத்தம், உப்பு அரைக்கும் ஆலையின் சல்லடை ஆடும் சத்தம், பழைய துறைமுகத்தில் தோணியிலிருந்து சங்கிலியை இறக்கிப் போடும் சத்தம். ஒவ்வொன்றும் ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி. இவற்றைக் கெடுத்து, கிழித்து, தாளமாக அடுக்குவதுதான் ஆபீஸ் விட்டு வந்தபின் என் வேலை. பகலில் கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயார் செய்கிறேன். மாலையில் இன்டஸ்ட்ரியல் என்று சொல்லப்படும் எலக்ட்ரானிக் இசை. எங்கள் ஊரில் அதைக் கேட்பவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர் இருக்கலாம். அந்த இன்னொருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஏலே, மிக்ஸிக்குள்ள ஸ்பூன் விழுந்தா இப்படித்தான்ல சத்தம் வரும். இதுக்கா கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்க?" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்குப் பிடித்ததே அந்த ஸ்பூன்தான்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் பேசுகிறவர்கள், முத்து எடுக்கிற ஊர்தானே உன்னுடையது என்று கேட்பார்கள். உப்பும் துருவும் எடுக்கிற ஊர் என்று பதில் எழுதுவேன். அது அவர்களுக்கு இன்னும் பிடித்துவிடும்.

தாளத்துக்கு அடி சத்தம் தேடுவதில் ஒரு விஷயம் உண்டு. கணீரென்று ஒலிக்கும் இரும்பு உதவாது. அதை ஏற்றிக் கெடுத்தால் காது கூசும் கீச்சொலிதான் மிஞ்சும். மந்தமாக, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் விழும் அடி வேண்டும். அதை ஒரு பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து, மீட்டர் முள் சிவப்புக்குப் போகும்வரை திருகி, குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே விட்டு, மறுபடி பதிவு செய்வேன். கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடிப் பாடித் தொண்டை கிழிந்த குழாய் அது. மென்பொருளில் எத்தனை டிஸ்டார்ஷன் வந்தாலும் அந்தக் கிழிசல் வராது.

மந்தமான இரும்பு எங்கே கிடைக்கும் என்பது என் அத்தானுக்குத் தெரியும். அக்காவின் கணவர். அவருடைய தொழிலே அதுதான். எண்ணெய் சேமிக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன், அவர் மேலே ஏறிக் கூரைத் தகடுகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கடல் காற்றில் எது உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கிறது என்று பெயின்டுக்கு மேலே பார்த்தால் தெரியாது. தட்டினால் தெரியும். நல்ல தகடு 'ணங்' என்னும். அரித்த தகடு 'டொப்' என்னும். அதற்குச் செத்த தகடு என்று பெயர். செத்த தகட்டின்மேல் அவர் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுநாள் ஏறும் பெயின்டர்கள் குறியைப் பார்த்து, அங்கே மிதிக்காமல் பலகை போட்டுத் தாண்டுவார்கள். எழுத்து, கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. அவர் காதும் அந்தக் குறியும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டிப் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். நான்தான் நச்சரித்தேன். ஞாயிறென்றால் தொட்டிகள் நிற்கும் யார்டில் வண்டிச் சத்தம் இருக்காது, பதிவு சுத்தமாக வரும். இரண்டு மாடி உயரத் தொட்டி. மேலே ஏறி, அவர் காட்டிய நல்ல தகட்டின்மேல் உட்கார்ந்து ரெக்கார்டரை ஓடவிட்டேன். அவர் தட்டிக்கொண்டே போனார். ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகட்டில் சுத்தியல் விழுந்த சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தனை மந்தம், அத்தனை ஆழம். எத்தனையோ மாதமாக நான் தேடிய அடி அதுதான்.

அவர் குறி போட்டுவிட்டு, "நீ வேண்டிய மட்டும் தட்டிக்க மாப்ள. இங்கன உக்காந்து கைய நீட்டித் தட்டு, மேல மட்டும் ஏறிராத. நான் அடுத்த தொட்டியப் பாத்துட்டு வாரேன்," என்று சுத்தியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

நான் தகட்டிலேயே ஒட்டுகிற மைக் வைத்திருந்தேன். பழைய அலாரத்துக்குள் இருக்கும் பித்தளை வட்டம்தான், வயர் பற்றவைத்தது. அதைத் தகட்டில் டேப்பால் அழுத்தி ஒட்டினால் காற்றில் வராத சத்தமெல்லாம் அதில் வரும். டேப் ஒட்டவில்லை. சாக்பீஸ் தூளின்மேல் எப்படி ஒட்டும்? கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். ஓரிடம் போதவில்லை, மைக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்ததால் முழுவதையும் துடைத்தேன். பிறகு ஒட்டி, அரைமணி நேரம் விதவிதமாகத் தட்டினேன். மைக்கைப் பிய்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஒன்றை நினைத்து வைத்திருந்தால்தானே மறக்க முடியும். அந்தக் குறி என் கண்ணுக்குக் குறியாகவே படவில்லை. டேப்பை ஒட்டவிடாத தூள், அவ்வளவுதான்.

அன்று மாலையே அந்த அடியைக் குழாயில் விட்டுக் கிழித்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வாழ்க்கையில் இதைவிட நல்ல கிக் டிரம் அடி செய்ததில்லை என்று குதித்தேன்.

திங்கள் காலை ஒரு பெயின்டர் அந்தத் தகட்டில் கால் வைத்தார். தகடு கிழிந்து உள்ளே விழுந்தார். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. முப்பத்தைந்து வயது இருக்கும், வீடு மாப்பிள்ளையூரணியில்.

யார்டு மேனேஜர் அத்தானை மேலே கூட்டிப் போய்க் காட்டினாராம். "அண்ணாச்சி, பதினோரு குறி இருக்கு. அவன் விழுந்த இடத்துல ஒரு கோடுகூட இல்லையே. நீங்களே பாருங்க." அத்தான் பார்த்தார். பன்னிரண்டு போட்டதாக அவருக்கு நினைவு. ஆனால் கண்ணெதிரே பதினொன்றுதான். ஆஸ்பத்திரி வாசலில் பெயின்டரின் மனைவி அவரைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "உங்க குறிய நம்பித்தான அண்ணாச்சி அவரு ஏறுனாரு," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

திங்கள் மாலை அக்கா அழுதுகொண்டே இதையெல்லாம் சொன்ன நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து முழுப் பதிவையும் கேட்டேன். எல்லாம் அதில் இருந்தது. வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது, போலீஸ் என்று போனால் வேலை என்னாகும், இப்படி ஒவ்வொன்றாக யோசித்து அந்த வாரம் போயிற்று. ஒரு வாரம் சொல்லாமல் விட்டதை இரண்டாவது வாரம் சொல்வது இன்னும் கஷ்டம். மூன்றாவது வாரம் அந்த அடியை வைத்துச் செய்த பாட்டை இணையத்தில் ஏற்றினேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஏற்றினேன். யாரோ ஒருவர், இந்த அடி வயிற்றுக்குள் விழுகிறது, எப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தார். அதற்கு நன்றி சொல்லிப் பதிலும் போட்டேன்.

அத்தானை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அது ஒரு பக்கம். அவர் தன் காதையே நம்பாமல் போனதுதான் என்னால் பார்க்க முடியாததாக இருந்தது. வீட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, பீரோ, கேஸ் சிலிண்டர், எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துப் பார்ப்பார். சோற்றுப் பானையைக்கூடத் தட்டுகிறார் என்று அக்கா சொன்னாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவரே என் அறைக்கு வந்தார். ஷேவ் பண்ணிப் பல நாள் ஆகியிருந்தது.

"மாப்ள, உங்கிட்ட தகட்டுச் சத்தமெல்லாம் இருக்கில்லா. ஒவ்வொண்ணா போடு. எது நல்லது, எது செத்ததுன்னு நான் சொல்லுதேன். காது போயிட்டா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

வேண்டாம் அத்தான் என்றேன். கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். கெடுக்காத மூலச் சத்தங்களாக எடுத்துப் போட்டேன். நல்லது. நல்லது. செத்தது. நல்லது. இருபது போட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு தகட்டுக்கு, "இது பாதி செத்தது, இன்னும் ஒரு வருசம் தாங்கும்," என்றார். எனக்கே அது தெரியாது. இருபத்தொன்றாவதாக என் கை ஏன் அதைத் தொட்டது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் தகட்டைப் போட்டேன்.

"செத்தது," என்றார் உடனே. பிறகு கண்ணைத் திறந்தார். "இது அந்தத் தொட்டிதான?"

நான் தலையாட்டினேன்.

"இவ்வளவு தெளிவா கேக்கு. அப்புறம் எப்படி மாப்ள குறி போடாம விட்டேன்? காது நல்லாத்தான் இருக்கு. அப்போ மூளைதான் போயிருக்கு." விரல் முட்டியால் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஒருத்தன் காலை வாங்கிட்டேனே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. முழுப் பதிவைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், ஓடவிட்டேன்.

முதலில் அவர் சுத்தியல். டொப், டொப். பிறகு அவருடைய குரல்: "இங்கன செத்துட்டு. பன்னெண்டு." பிறகு சாக்பீஸ் இரும்பில் இழுபடும் சத்தம், ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு. பிறகு என்னிடம் அவர் பேசியது, ஏணியில் அவர் இறங்கும் சத்தம். கொஞ்ச நேரம் வெறும் காற்று. அதன்பின் அந்தச் சத்தம். சர், சர், சர் என்று ஒரே இடத்தில். என் மூச்சுக்கூட அதில் கேட்கும்.

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "அது என்ன?" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துணி," என்று அவரே சொன்னார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் உப்பு லாரி ஒன்று போயிற்று, அதன் சத்தம் ஓயும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்தச் சாக்பீஸை இன்னொரு தடவ போடு."

போட்டேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும். மூன்றாவது தடவை, அவர் கை மடியில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தது. ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடிக்குள் போனது. நாலு மாதமாக அந்த மனுஷனிடமிருந்து நான் திருடி வைத்திருந்தது அந்த இரண்டு விநாடியைத்தான்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"வண்டிய எடு. மாப்பிள்ளையூரணி போவோம். அவன் பொண்டாட்டி கேக்கட்டும், அவனும் கேக்கட்டும்."

நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நான் குறி போட்ட இடத்தோட நிப்பாட்டிராத மாப்ள. துணி வரைக்கும் ஓடணும்."