படகில் இருந்த தொகுதி

“படிச்சிக் காட்டத்தான்டி உனக்குத் தெரியும். வேற இன்னா தெரியும்?” என்று அத்தை கேட்டபோது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் என்ற மிடுக்கில் திரிந்த காலம். போன வாரம் புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றபோது, ரோடு போடுகிறவர்கள் தார் காய்ச்சும் வாசனை வந்தது. அத்தையின் கேள்வியும் கூடவே வந்து நின்றது.

மற்றவர்களுக்குத் தார் என்றால் ரோடு ஞாபகம் வரும். எனக்குப் படகு.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், தண்ணீர் சூழ்ந்த ஒரு மணல்மேடு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். வருஷத்துக்கு ஒருமுறை அவர் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுவார். அன்றைக்கு மட்டும் அம்மா கருவாட்டை வெளியே காயவைக்க மாட்டாள், நாற்றம் ஏறிவிடுமாம். கருவாட்டுக்கு நாற்றம் ஏறுமா என்று நீங்கள் சிரிக்கலாம். அம்மாவிடம் அப்படிச் சிரித்துவிட முடியாது.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், அறுபத்திரண்டில், பார்லிமென்ட் தேர்தல் வந்தது. ஓட்டுப் பெட்டியையும் ஆபீசர்களையும் குப்பத்துக்கு ஏற்றி வர நைனாவின் படகைத்தான் எடுத்தார்கள். அதன் பக்கப் பலகையில் ஒருவர் வெள்ளைப் பெயின்டால் ‘திருவள்ளூர் பார்லிமென்ட் தொகுதி’ என்று எழுதினார். ‘ள்ளூ’ போடும்போது நாக்கைத் துருத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த நானும் துருத்திக்கொண்டேன். நான் எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்த முதல் வரி அதுதான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருவர், ஏரிக்குக் குறுக்கே பாலம் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் எந்தக் கட்சி, ஜெயித்தாரா தோற்றாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் படகில் இருந்த பெயர். அதனால் “திருவள்ளூரு பாலம் கட்டித் தருதாம்” என்றே குப்பத்தில் பேசிக்கொண்டார்கள், சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

அடுத்த வருஷம் தார் பூசும்போது நைனா எழுத்துகளைத் தொடவில்லை. சுற்றிலும் பூசி, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. வெயிலில் பலகை வெடித்தது. காற்றடித்து அலை ஏறினால் சரியாக அங்கேதான் தண்ணீர் கசிந்தது.

“அந்த எழுத்து மேலயும் பூசிடேன்யா. தண்ணி வருது பாரு” என்றாள் அம்மா.

“சும்மா இரும்மே. நாளைக்கி அவங்க வந்தா அடையாளம் வோணும்ல?”

“ஆமா, உன் படகத் தேடிக்கினுதான் வரப் போறாங்க!”

ஓர் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு ஜுரம் கண்டது. நினைவு தப்பித் தப்பி வந்தது. காலையில் மழை சற்று விட்டதும் நைனா அவளைப் படகில் படுக்கவைத்துக் கழி ஊன்றினார். எதிர்க்காற்று. எழுத்திருந்த பலகை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் டால்டா டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். எனக்குக் கை ஓய்ந்தால் நைனா கழியை விட்டுவிட்டு வந்து மொள்வார். அதற்குள் காற்று படகைப் பின்னால் தள்ளிவிடும். அம்மா கண் திறந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். “நான் சொன்னேன்ல” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கரை தொட்டு, மாட்டு வண்டி பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அப்போதும் நைனா எழுத்துகளை அழிக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு வேறு ஆபீசர்கள் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வரும்போது கேட்டார்.

“இன்னா சார், திருவள்ளூரு எப்ப வரும்?”

“திருவள்ளூர்னு தொகுதியே இப்ப இல்லைங்க. எடுத்துட்டாங்க. இது இனிமே ஸ்ரீபெரும்புதூர்.”

“எடுத்து எங்க சார் வெச்சிக்கிறாங்க?”

ஆபீசர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை.

“அப்ப பாலம்?”

கரை சேர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் ஓர் ஆபீசர்.

பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள், நைனா படகைக் கவிழ்த்துத் தார்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். என்னைக் கூப்பிட்டார்.

“இதுல இன்னா எழுதிக்கீதுன்னு ஒருவாட்டி சொல்லும்மா.”

படித்தேன்.

“இன்னொருவாட்டி.”

மறுபடி படித்தேன். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் பூசிக்கொண்டே வந்தார். ‘திரு’வுக்கு வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் பூசினார். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய அக்காள்தான், என் அத்தை, என்னைப் பார்த்து ‘வேற இன்னா தெரியும்’ என்று கேட்டாள். தம்பியைத் திட்ட மனசு வராமல் என்னைத் திட்டினாள் என்று இப்போது புரிகிறது.

அந்தப் படகை உடைத்து விறகாக்கி வெகுகாலம் ஆகிறது. நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் காக்கிச் சட்டையோடு நிற்கிறார். கழி பிடித்த கையால் கேட்டைத் திறந்து மூடுகிறார். திருவள்ளூர் என்ற ஊர் இருக்கிறது, ரயில்கூட நிற்கிறது. நாங்கள் காத்திருந்த திருவள்ளூர்தான் இல்லை. பாலத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இருந்தால்தானே இல்லாமல் போவதற்கு.

நான் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இந்தத் தேர்தல் வேலைக்கு எங்கள் குப்பத்துச் சாவடியைத்தான் வேண்டுமென்று கேட்டேன். “ஏரி தாண்டணுமேம்மா, லேடீஸ் யாரும் போக மாட்டாங்களே” என்றார் கிளார்க்.

“எனக்குத் தண்ணி மொள்ளத் தெரியும் சார்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பெயரை எழுதிக்கொண்டார்.

இதை எழுதுவது குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து. நாளைக்கு இங்கேதான் ஓட்டு. இன்று மத்தியானம் ஏரியைத் தாண்டி வந்துவிட்டேன். படகில் ஏறியதும் டப்பா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.