கழுத்தை இழுத்த பெல்ட்

இழுத்த தோல் பழைய அளவுக்குத் திரும்பாது. தாராவியில் முப்பது வருஷமாகப் பை தைக்கத் தோல் வெட்டுகிறவன் நான். இது எனக்குத் தெரியும். கழுத்தும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன். மாட்டுங்கா கிளினிக்கில் கழுத்தை மெஷினில் மாட்டி இழுக்கப் போகிறார்கள் என்றதும், பட்டறை இஞ்ச் டேப்பை மனைவியிடம் நீட்டினேன்.

“காதுக்கும் தோளுக்கும் நடுவுல அளந்து வையி.”

“எதுக்குங்க?”

“நீளமாயிட்டா ஆதாரம் வேணும்லா.”

“நீளமானா நல்லதுதான். லோக்கல் ட்ரெயின்ல கூட்டத்துக்கு மேல தலைய நீட்டி மூச்சு விடலாம்,” என்றாள். ஆனாலும் அளந்தாள். அஞ்சே கால் இஞ்ச்.

உண்மையான பயம் வேறு. மூன்று மாதமாக வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தன. கத்தி இரண்டு தடவை நழுவி, இரண்டு நல்ல தோல் பாழ். கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். வெட்டுகிற கை போனால் பட்டறையில் எனக்கு என்ன வேலை? டீ வாங்கி வரலாம். அதற்கும் கிளாஸைப் பிடிக்க வேண்டுமே.

கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கு என் மகள் வயது. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தாடைக்கு அடியிலும் பின்மண்டையிலும் தாங்குகிற பெல்ட்டை எடுத்தாள். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

“என்னம்மா, ஒத்தத் தையல் போட்டிருக்கான்? எத்தன கிலோ இழுக்கும்?”

“ஏழு கிலோ அங்கிள். இது வரைக்கும் யார் தலையும் கழண்டு வரலை.”

“நாங்க காலேஜ் பைக்கே ரெட்டத் தையல் போடுதோம்மா.”

அன்று படுக்கவே மறுத்துவிட்டேன். அவளிடம் கெஞ்சி, கிளினிக் அலமாரியில் கிடந்த பழைய பெல்ட் ஒன்றை வாங்கி வந்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு, தாடைப் பக்கம் ஒரு தோல் பட்டையும் வைத்து, மறுநாள் பெருமையாக நீட்டினேன். அவள் அதைத் தன் தாடையில் வைத்துப் பார்த்தாள்.

“மாம்பழக் கூடையைத் தொங்கவிடலாம் அங்கிள். தலைக்கு ஆகாது. இவ்வளவு விறைப்பா இருந்தா இழுப்பெல்லாம் தாடையில விழும். பின்மண்டையிலன்னா விழணும்! படுங்கோ.”

படுத்தேன். ஒத்தத் தையல்தான்.

மெஷின் மெல்ல இழுத்தது, கொஞ்சம் பிடித்து வைத்தது, விட்டது. தையல் பிரியும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அது கேட்கவில்லை. ஆனால் இழுக்கும்போதெல்லாம் கட்டைவிரலில் எறும்புகள் நின்றன. விட்டதும் மறுபடி ஊர்ந்தன. பயம் போய் வேடிக்கையாகிவிட்டது. எத்தனையாவது நொடியில் நிற்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன்.

“என்ன அங்கிள், உதடு அசையறது? ஸ்லோகமா?”

“எறும்ப எண்ணுதேன். பேசாதம்மா, கணக்கு விட்டுரும்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி டேப்பை வைத்துப் பார்த்தாள். “அதே அஞ்சே கால்தான். வளரல,” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பத்து நாள் போனேன். கிளினிக் பெண் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சியையும் செய்தேன். குனியாமல் வெட்ட, மேஜைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினேன். எது வேலை செய்தது என்று கேட்டால், “நிச்சயமா சொல்ல முடியாது அங்கிள்,” என்கிறாள். கட்டைவிரலில் உணர்ச்சி வந்துவிட்டது. ஆள்காட்டி விரல் நுனி இன்னும் கொஞ்சம் மந்தம். மெல்லிய தோலை நானே வெட்டுகிறேன். தடித்த எருமைத்தோலைப் பக்கத்து மேஜைக்காரர் வெட்டுகிறார்.