மரை இல்லாத பச்சைக் கண்ணாடி

அம்மையார்குப்பத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கியபோது என் மகள் கையை ஊன்றவில்லை. தோளில் தொங்கிய பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பையிலிருந்த கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முழங்கை முறிந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.

அவள் சேர்ப்பது பழைய இன்சுலேட்டர்கள். தந்திக் கம்பங்களில் கம்பியைத் தாங்கிக் கவிழ்ந்து நின்ற கண்ணாடிக் கிண்ணங்கள். அரக்கோணத்துப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அன்று பையில் இருந்தது மட்டும் ஒரு நெசவுக்காரர் வீட்டில் தறியில் பாவு நூல் தொய்யாமல் நிற்க எடையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அழுக்குப் பச்சை. விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. பதிலுக்கு இரும்பு எடைக்கல் வாங்கிக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

போன ஞாயிறு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். இவரும் சேர்க்கிறவர். அலமாரியைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். வெயில் பட்டு மேசைத் துணியே ஊதாவானது.

“அந்தப் பச்சைய குடுத்துட்டு இத வெச்சுக்கோம்மா. உடைஞ்சதுக்கு முழுசு.”

எனக்கு அந்தப் பச்சை வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

“குடுத்துடும்மா. கைய முறிச்சது அதுதான்.”

“சும்மா இரு நைனா. முறிச்சது ரோட்ல கொட்டி வெச்ச ஜல்லி.” அவரிடம் திரும்பினாள். “முழுசா இருக்கற பச்சை அலமாரில இருக்குதே சார். உடைஞ்சத ஏன் கேக்கறீங்க?”

அவர் ஊதாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இடது கை விரலை ஊதாவுக்குள் விட்டுச் சுழற்றினாள். பிறகு பச்சைக்குள்.

“உங்களுதுல உள்ளாற மரை ஓடுது. ஆணில திருகி மாட்டறது. இதுல மரையே இல்ல, வழவழன்னு இருக்குது. மரை வர்றதுக்கு முன்னாடி செஞ்சது. லேசுல கிடைக்காது. அதானே சார்?”

“ஆங்... எல்லாம் தெரிஞ்சுகினுதான் கட்டோட உக்காந்துகினு இருக்கியா?” அவர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொன்னா பொண்ணு கேக்கும் சார்.”

அன்று காலையில்தான் அதைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தேன்.

“அது குடுக்கறதுக்கு இல்லைங்க” என்றேன்.

அவர் போனதும், என் பெண் இப்படிப் பேசினாள் என்று தெருவில் யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பச்சையை அலமாரியில் வைக்குமுன் நானும் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.

“திருவாலங்காட்டுல ஒரு வீட்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதாம் நைனா.”

“கட்டு பிரிக்கட்டும். வண்டிய நான் ஓட்டறேன்.”