நெடுவயல் ராஜா உட்கார்ந்த நாற்காலி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது வேலாயுதத்துக்கு நடந்தது. 1956, சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு, பட்டப்பகல்.

நெடுவயல் ஒரு துக்கடா சமஸ்தானம். அங்கே கோழி கூவினால் எல்லைக்கு அப்பால் கேட்கும் என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் முறை மட்டும் மலையளவு. பட்டங்களை உரக்கச் சொல்லி ராஜாவை அழைத்துவந்து அமர்த்தும் கட்டியம் வேலாயுதம் குடும்பத்துக்கு உரியது. எழுப்பி அனுப்பும் கட்டியம் இன்னொரு குடும்பத்துக்கு. ஒருவர் கட்டியத்தை மற்றவர் காதால் கேட்கவும் கூடாது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போன வேலாயுதம் கப்பலேறி வந்து, ஜலாலுதீனின் மளிகைக்கடையில் சேர்ந்தார்.

அன்று கடையில் கூட்டமில்லை. ஜலாலுதீன் தன் பிரம்பு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார்.

"எங்க, உங்க ராஜாவைக் கூப்பிடுங்க லா, பாப்போம்."

எட்டு வருடமாகக் கட்டியம் தொண்டையில் அடைத்துக் கிடந்தது. ஆசை யாரை விட்டது? வேலாயுதம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். மணி 4.10.

முதல் பட்டம். வெளியே நடைபாதையில்... டக்.

இரண்டாவது. டக்.

ராஜாவின் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

வாசலில் யாருமில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்தது.

"போதும்... நிறுத்துங்க" என்றார் ஜலாலுதீன்.

வாய் நிற்கவில்லை. அழுதுகொண்டே கடைசிப் பட்டத்தையும் சொல்லி முடித்தார்.

நாற்காலி முனகியது. பிரம்பு அமுங்கியது.

அமுங்கியே இருந்தது...

"எந்திரிக்கச் சொல்லுங்க!"

"அது எனக்குத் தெரியாது பாய்... அது அவங்க கட்டியம்."

இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். நாற்காலி அசையவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஊரிலிருந்து வேலாயுதத்தின் அக்கா பூவம்மாவின் கடிதம் வந்தது. ராஜா இறந்துவிட்டார். அடக்கம், இவர் கட்டியம் சொன்ன அதே தேதியில். அரண்மனை வாசற்படியில் பாடை கல்லாகக் கனத்து, எட்டுப் பேரால் நகர்த்த முடியவில்லையாம். சரியாக 2.10க்குத் திடீரென்று இலேசாகிவிட்டதாம்.

அங்கே 2.10 என்றால் சிங்கப்பூரில் 4.10.

கடிதத்தின் அடியில் இன்னொரு செய்தி. எழுப்பும் கட்டியக் குடும்பத்தின் கடைசி ஆளும் போன வருடமே இறந்துவிட்டார். சொல்ல இனி யாருமில்லை.

வேலாயுதம் கடிதத்தை மடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால், நாற்காலிப் பக்கமிருந்து...

டக்.

எழுந்து போக நேரமாகிவிட்டால் ராஜா அப்படித்தான் தட்டுவார்.