திரேசம்மாக்காவின் அரை நிமிடம்

தொலைக்காட்சிப் போட்டிக்கு வீட்டிலிருந்தே பதில் கத்துவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. உலை பொங்கி வழிய விட்டுவிட்டு, சுலபமான கேள்விக்கு முழிக்கிற போட்டியாளரைத் திட்டியிருக்கிறீர்கள்தானே? அப்போ நீங்களும் என் இனம்.

போன மாதம் இறுதிச் சுற்று வாரம். ஒவ்வொரு நாளும் கடைசிக் கேள்வி, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. தொலைபேசியில் முதலில் சரியாகச் சொல்பவர் அரை நிமிடம் நேரலையில் யாருக்கும் வாழ்த்துச் சொல்லலாம். அதைக் கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டுத் திரேசம்மாக்கா கைத்தொலைபேசியோடு வந்து என் கதிரையைப் பிடித்துவிட்டா. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, இப்போது மகளோடு இங்கே, வயல் சூழ்ந்த உருத்திரபுரத்தில். கடைசிச் சண்டையில் காணாமல் போன மகன் யூட் திரும்பி வந்தால் கடற்கரையில்தான் தேடுவானாம்.

"நான் வயலுக்குள்ள இருக்கிறன் எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது, பிள்ளை?"

ஆழமான ஏரி

திங்கட்கிழமை: உலகின் மிக ஆழமான ஏரி எது? கொன்வென்ற் பள்ளியில் சிஸ்டர் பிரம்போடு புகட்டியது, "பைக்கால்!" என்றேன் உடனே. போன் எடுத்தால், லைன் கிடைக்கவில்லை. வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது. தன் பிறந்தநாளுக்குத் தானே வாழ்த்துச் சொல்லி, கேக்கின் நிறத்தையும் விளக்கினாள்.

திரேசம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கேக்கைத் திண்டிட்டுப் படுக்காமல், இதுக்கு ஒரு ரீவியோ?"

நீளமான நாள்

செவ்வாய்: எந்தக் கோளில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்? வெள்ளி. அன்றும் லைன் இல்லை. தன்னைத்தானே மெதுவாகச் சுற்றுகிற கோள் அது என்று நான் வாத்தியார் வேலை பார்த்தேன். அவா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பினா.

"ஒரு நாள் வருசத்தைவிட நீளமாம். இதையும் ஒரு கேள்வியெண்டு கேக்கிறாங்களே, பிள்ளை."

முருங்கைக்காய்

புதனும் போச்சுது. வியாழன் அவாவின் பேச்சுக்கு ஒத்திகை வைத்தேன். அவா கோழி குஞ்சு பொரித்தது, தேவாலயத்துப் பங்குச் சுவாமி மாறிப்போனது, முற்றத்து முருங்கை காய்த்தது என்று போய்க்கொண்டேயிருந்தா. எனக்கோ பொறுமை கிடையாது. "அக்கா, அரை நிமிசம்! இடத்தை மட்டும் சொல்லுங்கோ, முருங்கையை விடுங்கோ" என்று அதட்டினேன்.

"முருங்கைக்காய்க் கறியெண்டால்தானே அவன் ஓடி வருவான்."

கிடைத்த லைன்

வெள்ளிக்கிழமை கிடைத்தது. உடம்பின் மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது? நான் வாயைத் திறந்தால் அவர்களுக்குக் கேட்கும் என்று என் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "காதுக்குள்ள" என்றா அக்கா. கைதட்டல். பேசச் சொன்னார் நிகழ்ச்சி நடத்துகிறவர்.

"யூட், அம்மா கதைக்கிறன். கடற்கரையில தேடாதை, ராசா. நான் உன்ர அக்காவோட உருத்திரபுரத்தில இருக்கிறன். வயல் தாண்டி வாய்க்கால் கரையால வா. முருங்கை காய்ச்சிருக்கு." அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அருமை, அருமை! உங்கட மகன் எந்த நாட்டில இருக்கிறார், அம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அவர்.

"தெரிஞ்சால் அவனுக்கெல்லோ போன் எடுத்திருப்பன், தம்பி."

உடனே சவர்க்கார விளம்பரம் வந்தது. விடை தெரியாதபோது அப்படித் தப்பித்துக்கொள்கிற வசதி, கேள்வி கேட்கிறவர்களுக்கு மட்டும்தான்.